சிவந்தால் சம்மதம்

ஜனவரி 20, செவ்வாய்

தோல் டாக்டர் எழுதச் சொல்லியிருக்கிறார். முகம் எப்போது சிவக்கிறது, பக்கத்தில் யார் இருந்தார்கள், எவ்வளவு நேரத்தில் அடங்கியது, அன்றைக்கு என்ன சாப்பிட்டேன், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு ஒரு மாதம் கழித்து வரவேண்டுமாம். "அலர்ஜியா இருக்கலாம்மா, கத்தரிக்காயை நிறுத்திப் பாருங்க" என்றார். பெயரென்ன என்று அவர் கேட்டபோதே என் முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. அவர் அறையில் கத்தரிக்காய் எதுவும் இல்லை.

சரி, எழுதித் தொலைக்கிறேன். பெயர் தாரணி. வயது இருபத்தெட்டு. ஊர் சூலூர். என் நிறம் இந்த வட்டாரத்துக்கே தெரியும். "எங்க தாரணி சுண்டுனா ரத்தம் வர்ற செவப்பு" என்று தங்கமணி அத்தை கல்யாண வீட்டிலும் சொல்வாள், எழவு வீட்டிலும் சொல்வாள். அப்பாவின் அக்கா. அம்மா போனதிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதற்கு வாய் திறக்கவேண்டும் என்பதை அத்தைதான் முடிவு செய்கிறாள். பெரும்பாலும் அவள் வாய்தான் திறக்கும்.

இந்தச் செவப்பை வைத்துக்கொண்டு நான் படும் பாடு அவளுக்கு எங்கே தெரியப்போகிறது. ஆபீசில் யாராவது "ஏசியை யாரு நிறுத்துனது?" என்று கேட்டால் போதும், நிறுத்தாத என் முகம் ஒப்புக்கொண்டுவிடும். பஸ்ஸில் கண்டக்டர் "டிக்கெட் எடுக்காதவங்க யாருங்க?" என்றால் கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு நான் சிவப்பேன். எல்லாரும் என்னையே பார்ப்பார்கள். பார்க்கிறார்கள் என்று நினைத்ததும் இன்னும் சிவக்கும்.

டாக்டர் அறை, மாலை. இருந்தவர் டாக்டர். அடங்க பஸ் ஸ்டாண்ட் வரை ஆயிற்று.

ஜனவரி 21, புதன்

ஆபீசில் போனைக் காதில் வைத்திருக்கும்வரை எனக்கு ஒரு குறையும் இல்லை. மோட்டார் பம்ப் கம்பெனி, புகார்ப் பிரிவு. காலை முதல் விவசாயிகள் போன் செய்து திட்டுவார்கள். இன்று ஒருவர் என் பரம்பரையையே கிணற்றில் தள்ளினார். "ஐயா, ஸ்டார்ட்டர் பெட்டியில பச்சை லைட்டு எரியுதுங்களா?" என்று கேட்டேன். எரியவில்லை. கரண்டே இல்லை. கடைசியில் "சரிங்க அம்மணி, கோவிச்சுக்காதீங்க" என்று வைத்தார்.

போனில் என் குரல் நடுங்கியதே இல்லை. முகம் தெரியாத இடத்தில் நான் யாருக்கும் பயப்படமாட்டேன். பக்கத்து நாற்காலி ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி. "போன்ல மட்டும் ஒனக்கு என்னா தெனாவட்டுட்டி" என்று சிரிக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களாம். அத்தை போனில் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள்.

ஜனவரி 25, ஞாயிறு

வந்தார்கள். இரண்டு கார். பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் குடும்பம். பையன் பெயர் பூபதி. ஆள் பார்க்க நன்றாகத்தான் இருந்தான். அதில் மறைக்க ஒன்றுமில்லை.

தனியாகப் பேசச் சொல்லி மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். கோழித் தீவன விலை பற்றிப் பேசினான். பிறகு, "போன் எடுக்கற வேலையெல்லாம் இனி எதுக்குங்க, நம்ம பண்ணையில அதுக்குத் தனியா ஆள் இருக்குது" என்றான். எனக்கு அந்த வேலை பிடிக்கும் என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள், "உங்களுக்கு லவ்வு கிவ்வு இருந்துச்சுங்களா?" என்று கேட்டான். எனக்கு எந்த லவ்வும் கிடையாது, கிவ்வும் கிடையாது. ஆனால் முகத்துக்கு அதெல்லாம் கணக்கா? காது நுனிவரை எரிந்தது. அவன் என் முகத்தையே பார்த்து, "ஐயோ, இதென்னங்க இப்படிச் செவக்குது. அப்படியே இருங்க, அப்படியே இருங்க" என்று போனை எடுத்துப் படம் பிடித்தான். பிடித்ததை எனக்கே காட்டினான். நான் வேலையைப் பற்றிச் சொல்ல வந்தது அவனுக்கு நினைவே இல்லை.

கீழே வந்ததும் அவன் அம்மா ஈஸ்வரி, அத்தனை பேர் நடுவில், "என்ன கண்ணு, என்ற பையனைப் புடிச்சிருக்குதா?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்பதற்காக "கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்ததுதான் தாமதம், கழுத்திலிருந்து குபீரென்று ஏறிவிட்டது. கூடம் முழுக்கச் சிரிப்பு.

"அப்பறம் என்னத்தைக் கேக்கறது. பொண்ணு மூஞ்சியே சொல்லிப்போடுச்சு" என்றாள் அத்தை.

நான் ஒரு வார்த்தைதான் பேசினேன். 'கொஞ்சம்' என்றால் எந்த ஊரில் சம்மதம்? பிப்ரவரி பதினொன்றாம் தேதி உப்புச் சர்க்கரை மாற்றுகிறார்கள். இரண்டு வீட்டாரும் உப்பையும் சர்க்கரையையும் தட்டில் வைத்து மாற்றிக்கொண்டுவிட்டால் அவ்வளவுதான், பேச்சு உறுதி. அதற்குப்பிறகு வேண்டாம் என்றால் எங்கள் பக்கம் எழவு விழுந்த மாதிரி.

அப்பா? அப்பா வாசல் தூணோரம் நின்றிருந்தார், வழக்கம்போலத் தலையில் துண்டைக் காதை மூடிக் கட்டிக்கொண்டு. சித்திரை வெயிலிலும் அதே கட்டுத்தான். காதில் காற்றுப் பட்டால் ஆகாதாம். நாலு பேர் கூடினால் துண்டு இன்னும் இறங்கும், அப்பா இன்னும் வெளியே நகர்வார்.

மொட்டை மாடி, கூடம். இருந்தவர்கள்: ஊர். சாப்பிட்டது கேசரி. அடங்கவே இல்லை.

ஜனவரி 26, திங்கள்

லீவு நாள். அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று தோட்டத்துக்குப் போனேன். மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்குமுன் அவரே கேட்டார். "அம்மணி, உனக்குச் சம்மதந்தானே?"

இதைவிட நல்ல வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும். "அப்பா, அது வந்து..." என்றேன். வந்தது வேறு. முகம். அப்பா ஒரு நொடி பார்த்தார். சட்டென்று திரும்பிக்கொண்டார். துண்டை இழுத்து இறுக்கிவிட்டு, "சரி சாமி, சரி. வெயில் ஏறுது, வீட்டுக்குப் போ" என்று மாட்டைப் பார்த்துச் சொன்னார்.

மாட்டிடமாவது ஒரு பதில் எதிர்பார்த்து இரண்டு நிமிடம் நின்றிருப்பார் போல. என்னிடம் நிற்கவில்லை. இந்த வீட்டில் யாருக்கும் ஒரு வாக்கியம் முடியும்வரை காத்திருக்கப் பொறுமை கிடையாது.

ஜனவரி 28, புதன்

ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் டிபன் பாக்ஸைத் திறந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, எனக்கு மட்டும் மூஞ்சி எரியாதுன்னு நெனைச்சியா? தெனம் எரியும். போன வாரம் மேனேஜர் எல்லார் முன்னாடியும் கேள்வி கேட்டார்லா, அப்போ அடுப்புல வச்ச மாதிரி இருந்துச்சு."

"எனக்குத் தெரியவே இல்லையே."

"எப்படித் தெரியும்? நான் கருப்பு. எவனுக்கும் தெரியாது." மீனை எடுத்து என் தட்டில் வைத்தாள். "என்னையும் ரெண்டு பேரு பாக்க வந்தாவ. ரெண்டு பேரையும் வேண்டாம்னு சொன்னேன். என் மூஞ்சியப் பாத்து எவளும் ஒண்ணும் கண்டுபிடிக்கமாட்டா. அதனால வாயத் தொறந்து சொல்லிப் பழகிட்டேன். ஒனக்குத்தான் எல்லாத்தையும் மூஞ்சியே சொல்லிருமே, சவம், நீ எங்க பழகப்போற?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சொல்வது சுலபம். மதியம் முழுக்க அவளோடு பேசவில்லை. மீன் நன்றாக இருந்தது.

ஜனவரி 30, வெள்ளி

இன்று சிவக்கவே இல்லை. லீவு போட்டுவிட்டுப் போர்வைக்குள் படுத்திருந்தேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

ஒரு யோசனை வந்தது. போனில்தானே நான் புலி. பூபதியைப் போனில் கூப்பிட்டு, ஆபீஸ் குரலில், 'மன்னிச்சுக்குங்க, எனக்கு இதுல விருப்பமில்லைங்க' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கூப்பிட்டேன்.

எடுத்தது அவன் அம்மா. "அட, மருமகளா. இரு கண்ணு, உன்ற மூஞ்சியப் பாத்து நாளாச்சு" என்று வீடியோவுக்கு மாற்றிவிட்டார். நான் தடுமாறி எதையோ அமுக்க, என் முகமும் அங்கே போய்விட்டது. "டேய் பூபதி, ஓடியா. உன்னையத்தான் கூப்புட்டிருக்குது. எப்படிச் செவந்து கெடக்குது பாரு" என்று அவர் கத்த, பின்னால் கோழிகள் கத்த, நான் வைத்துவிட்டேன்.

நானாகவே போன் செய்து வெட்கப்பட்டேன் என்று இந்நேரம் பல்லடம் முழுக்கத் தெரிந்திருக்கும். என்னைப் போல ஒரு மடச்சி உண்டா.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஆபீஸ் விட்டு வெளியே வந்தால் எதிர் பேக்கரியில் பூபதி. கூட மூன்று நண்பர்கள். டீ சொன்னான், தேங்காய் பன் சொன்னான். சரி, நேரிலேயே சொல்லிவிடலாம், கெட்டவன் ஒன்றும் இல்லையே, கேட்டுக்கொள்வான் என்று நினைத்தேன்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க" என்றேன்.

"இருங்க, இருங்க" என்று கையைக் காட்டி என்னை நிறுத்தினான். நண்பர்களிடம், "இப்பப் பாருங்கடா" என்றான். என் பக்கம் திரும்பி, "ஞாயித்துக்கிழமை எதுக்குங்க போன் பண்ணுனீங்க? என்னைப் பாக்காம இருக்க முடியலீங்களா?" என்று உரக்கக் கேட்டான். பக்கத்து மேஜையில்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

சிவந்தது. சிவக்காமல் என்ன செய்யும்.

"நான் சொல்லலை?" என்றான் நண்பர்களிடம். அவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, பொம்மையைக் கிள்ளிப் பார்த்த சிரிப்பு. ஒருவன், "மறுக்கா ஒருக்கா கேளுடா, நான் செரியாப் பாக்கலை" என்றான். பூபதி மறுபடி கேட்டான். மறுபடி சிவந்தது.

பன் அப்படியே இருந்தது. நான் சொல்ல வந்ததை யாரும் கேட்கவில்லை. பஸ்ஸில் அழுதேன். அழுததால் மூக்கும் சிவந்தது. இப்படியே எத்தனை வருடம்? விருந்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் என்னைக் கூப்பிட்டு, 'இப்பப் பாருங்க' என்று காட்டிக்கொண்டே இருப்பான். வேண்டாம். எனக்கு இவன் வேண்டாம். இங்கே எழுதும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

பிப்ரவரி 6, வெள்ளி

அத்தைக்கு வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பினேன். நல்ல நிதானமாக, தெளிவாக: "அத்தை, எனக்கு இந்தக் கண்ணாலத்துல விருப்பமில்லைங்க. தயவுசெஞ்சு நிறுத்திப்போடுங்க." சொல்லிவிட்டேன். கடைசியில் சொல்லியேவிட்டேன்.

அரை மணி நேரத்தில் அத்தை ஆட்டோ பிடித்து நேரில் வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"இப்ப என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லு. அந்தப் பையனை உனக்குப் புடிக்கலை?"

"புடிக்க..."

"பாத்தியா, பாத்தியா. பேரெடுத்ததுமே செவக்குது. வாய் ஒண்ணு சொல்லுது, மூஞ்சி ஒண்ணு சொல்லுது. வாய் ஆயிரம் சொல்லும் கண்ணு, மூஞ்சி பொய் சொல்லாது. எல்லாப் பொண்ணுகளுக்கும் கடைசி வாரத்துல வர்ற பயம் இது." தலையைத் தடவிவிட்டு, பிளவுஸ் தைக்கக் கொடுத்தாயா என்று கேட்டாள்.

என் முகம்தான் ஊரிலேயே பெரிய புளுகுணி. பஸ்ஸில் டிக்கெட் எடுத்துவிட்டு எடுக்கவில்லை என்று சொல்கிற முகம். அதைப்போய் இவர்கள் நம்புகிறார்கள், என்னை நம்பமாட்டார்கள்.

அப்பா சமையலறைக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். துண்டின் நுனி தெரிந்தது. நான் போய்ப் பார்த்தபோது இல்லை.

பிப்ரவரி 9, திங்கள்

கத்தரிக்காய் சாப்பிடவில்லை. சிவந்தது. டாக்டருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 11, புதன்

முழுசாக எழுதவேண்டும், ஒன்றையும் விடக்கூடாது.

காலையில் மேக்கப் போடும் பெண் வந்தாள். ஒரு களிம்பு, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் பவுடர். சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அடித்தாள். "கழுத்துக்கும் போட்டுடவாங்க்கா?" என்று கேட்டதற்கு அத்தை, "நகையும் பூவும் மறைச்சுக்கும், பட்டுல ஒட்டிப்போகும், மூஞ்சிக்கு மட்டும் போடு" என்றாள்.

எல்லாரும் வெளியே போனதும் கைக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். வேண்டுமென்றே பேக்கரியை நினைத்தேன். 'மறுக்கா ஒருக்கா கேளுடா.' உள்ளே சூடு குபுகுபுவென்று ஏறியது. கண்ணாடியில் ஒன்றுமே இல்லை. வெள்ளைச் சுவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வாழ்நாளில் முதல்முறையாக என் முகம் வாயை மூடிக்கொண்டிருந்தது. ஜெசிந்தாவைப் போல ஆகிவிட்டேன் என்று தோன்றியது. இனி எதைச் சொன்னாலும் சொன்னதைத்தான் கேட்டாகவேண்டும்.

கூடத்தில் ஜமுக்காளம் விரித்து இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் உப்புத் தட்டு, சர்க்கரைத் தட்டு. ஜெசிந்தா லீவு போட்டுவிட்டு வந்து பெண்கள் பக்கம் இருந்தாள். எதிரே பூபதி, போனை நிமிர்த்திப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் தொண்டையைக் கனைத்து, "பொண்ணுக்கும் பையனுக்கும் சம்மதந்தானுங்களே?" என்று கேட்டார். சும்மா ஒரு முறைக்குக் கேட்பது. யாரும் பதில் எதிர்பார்க்கவில்லை. அத்தையின் கை ஏற்கெனவே தட்டுக்குப் போய்விட்டது.

"எனக்குச் சம்மதம் இல்லைங்க" என்றேன்.

ஆபீஸ் குரல். நடுக்கம் இல்லை. சமையல்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

ஈஸ்வரிதான் முதலில் சிரித்தார். "பொண்ணு விளையாடுது. காதைப் பாருங்க, கழுத்தைப் பாருங்க. ரத்தமாச் செவந்து கெடக்குது. வெக்கத்துல ஒளர்றா."

எல்லாரும் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கிக் காதைத் தொட்டேன். கொதித்தது. அந்தப் பெண் காதுக்கும் கழுத்துக்கும் போடவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நேரமும் மறைந்திருக்கிறேன் என்று நினைத்து நட்டநடுக் கூடத்தில் சிவந்துகொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். பூபதி போனை இன்னும் கிட்டே கொண்டுவந்தான். "அப்படியே இருங்க" என்றான்.

எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். கால்கூட நகர்ந்தது. ஆனால் அந்த 'அப்படியே இருங்க' என்னை நிறுத்திவிட்டது. எனக்கு அப்படியொரு கோபம். முந்தானையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தேன். களிம்பும் பவுடரும் பட்டில் ஒட்டிக்கொண்டு வந்தன. அத்தை "ஐயோ, சீலை" என்றாள்.

"ஆமாங்க. செவந்திருக்குதுங்க" என்றேன். "எனக்கு எல்லாத்துக்கும் செவக்குமுங்க. பயந்தாலும் செவக்கும், கோவம் வந்தாலும் செவக்கும். நல்லாப் பாத்துக்குங்க. செவந்தாலும் சம்மதம் இல்லைங்க."

"சின்னச்சாமி, உன்ற பொண்ணு என்ன பேசறான்னு கேளு" என்று அத்தை அப்பாவைப் பார்த்துக் கத்தினாள்.

அப்பா தூணோரத்திலிருந்து வந்தார். இத்தனை பேர் இருக்கும் இடத்தில் அப்பா நடுவுக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. தலைத்துண்டை அவிழ்த்தார். முகம் வெயிலில் கருத்துக் கிடக்கிறது. காது இரண்டும் வெயிலே படாத வெளுப்பு. அந்த வெளுப்பு எல்லார் கண்முன்னாலும் மளமளவென்று சிவந்தது, என் காதைவிட மோசமாக.

"என்ற பொண்ணு வேண்டாமுன்னு சொல்லிப்போட்டாளுங்க" என்றார். குரல் நடுங்கியது. நிறுத்தி, எச்சில் விழுங்கி, மறுபடி ஆரம்பித்தார். "எனக்குக் கேட்டுதுங்க. உங்களுக்கும் கேட்டிருக்கும். மன்னிச்சுப்போடுங்க." குனிந்து உப்புத் தட்டை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

அதற்குப்பிறகு நடந்தது சத்தம். அதை எழுதக் கை வலிக்கிறது. ஈஸ்வரி பேசினார், பெரியவர் பேசினார், அத்தை அழுதாள். பூபதி போனை எப்போது கீழே வைத்தான் என்று தெரியவில்லை. போகும்போது என் முகத்தைப் பார்க்காமல் போனான்.

சாயங்காலம் அப்பா கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"காத்து ஆகாதுன்னு சொன்னீங்க" என்றேன்.

"காத்தென்ன பண்ணும். நாலு பேரு பாத்தா எனக்குக் காது செவந்துபோகும் அம்மணி. சின்னதுல இருந்தே. அதுக்குத்தான் துண்டு." காதைத் தடவிக்கொண்டார். "அன்னைக்குத் தோட்டத்துல உன்ற மூஞ்சியப் பாத்ததும் தெரிஞ்சுதாக்கும், இது வெக்கமில்லைன்னு. உன்ற அத்தைகிட்டப் போய்ச் சொல்லோணுமேன்னு நெனைச்சதுக்கே எனக்குக் காது எரிஞ்சுபோச்சு."

எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

பிப்ரவரி 12, வியாழன்

மூன்று வேளையும் நேற்றைய கேசரி. ஐம்பது பேருக்குச் செய்தது, தீரவே மாட்டேன் என்கிறது. அத்தை என்னோடு பேசவில்லை, ஆனால் கேசரிக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் கொடுத்தனுப்பியிருக்கிறாள். ஜெசிந்தாவுக்கு ஒரு டப்பா நிறையக் கேசரி கொண்டுபோனேன். "பட்டுச்சீலையப் பாழாக்கிட்டியே, சவத்து மூதி" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். காலை முதல் போனில் ஒன்பது ஸ்டார்ட்டர், இரண்டு கெபாசிட்டர், ஒரு பரம்பரைத் திட்டு. அப்பா வெறுந்தலையோடு பால் சொசைட்டிக்குப் போயிருக்கிறார். துண்டு கொடியில் காய்கிறது.

டாக்டருக்கு: நேற்று காலை பத்தரை மணிக்கு, கூடத்தில். இருந்தவர்கள் இரண்டு வீட்டார், ஜெசிந்தா, ஒரு சமையல்காரர். அதற்குமுன் எதுவும் சாப்பிடவில்லை. எப்போது அடங்கியது என்று நான் கவனிக்கவில்லை.